கண் திறந்த பிறகு

திருவிடைமருதூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "சின்ன ஆபரேஷன்தானே சார், எந்த மயக்க மருந்தைப் போட்டால் ஆள் சீக்கிரம் எழுந்திருப்பார், புரோபோபாலா கெட்டமினா?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நல்ல கேள்வி. அந்தச் "சின்ன"தான் எனக்கு எரிச்சல். ஆபரேஷன் சின்னதாக இருக்கலாம். மயக்கத்தில் சின்னது கிடையாது. 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் நியூகாசில் பக்கம், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் செத்துப்போனாள். குளோரோபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் சாவு அது. கால் நகம், தம்பி!

எந்த மருந்து மூளையில் எதைப் பிடிக்கிறது என்பதெல்லாம் உனக்குப் பாடத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது வேறு. ஆள் கண் திறந்துவிட்டால் மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். தயோபென்டோனை எடுத்துக்கொள். 1934-ல் வந்தது, இன்று உங்கள் தியேட்டரில் அதிகம் பார்த்திருக்க மாட்டாய். ஒரே ஊசியில் தூங்கியவர் ஐந்து பத்து நிமிடத்தில் விழித்துவிடுவார். ஆனால் அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 11 மணி நேரம். பிறகு எப்படி விழித்தார்? மூளையில் இருந்த மருந்து ரத்தத்தோடு திரும்பித் தசைக்குப் போய்விட்டது. 1950-களில் கொழுப்புதான் அதை இழுத்துக்கொள்கிறது என்றார்கள். கொழுப்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அத்தனை வேகமாக அதனால் வாங்க முடியாது, வாங்குவது தசை போன்ற உறுப்புகள்தான் என்று 1960-ல் ஹென்றி பிரைஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். மயக்கவியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு அது. நூலகத்தில் தேடி எடுத்துப் படி. பாடப்புத்தகச் சுருக்கம் போதாது.

நம் மகாலிங்க சுவாமி கோயில் கதை உனக்குத் தெரியும். வரகுண பாண்டியனைத் துரத்திவந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் நின்றுவிட்டது. அரசன் மேற்கு வாசல் வழியாக வெளியேறிவிட்டான். தோஷம் அழியவில்லை, அங்கேயே காத்திருக்கிறது. அதனால்தான் நாம் போன வாசலிலேயே திரும்பி வருவதில்லை. தயோபென்டோனும் அப்படித்தான், மூளைக்கு வெளியே காத்திருக்கும். இன்னொரு ஊசி, மறுபடி ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனால், மருந்துக்கு ஒதுங்க இடமில்லாமல் ஆள் மாலை வரை எழமாட்டார்.

புரோபோபாலிலும் முதல் விழிப்பு இதே வழியில்தான் வருகிறது. அதற்குப் பின் நடப்பதுதான் வேறு. உடம்பு அதை வெளியேற்றும் வேகம் கல்லீரலுக்குள் பாயும் ரத்தத்தின் அளவையே மிஞ்சும். மற்ற உறுப்புகளும் அந்த வேலையில் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் தலை கனக்காமல் எழுகிறார்கள், வாந்தியும் குறைவு. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்த இன்றைய வடிவம் 1986-ல் வந்தது. (முட்டை ஒவ்வாமை என்றதும் இதை ஒதுக்கிவைப்பதை நிறுத்துங்கள்! ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருப் புரதத்துக்கு. லெசித்தின் மஞ்சள்கருவிலிருந்து வருவது.) ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு நிற்கும், வலியை அது தொடவே தொடாது.

மூச்சு என்றதும் ஹைதராபாத் நினைவுக்கு வருகிறது. குளோரோபார்ம் எப்படிக் கொல்கிறது என்று பார்க்க, நிஜாம் செலவில், எட்வர்ட் லாரி 1888-லும் 1889-லும் இரண்டு ஆய்வுக்குழு நடத்தினார். மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயத்தை விட்டுவிட்டு மூச்சைப் பாருங்கள் என்பது அவர் தீர்ப்பு. குளோரோபார்ம் விஷயத்தில் அது தவறு. இதயத் துடிப்பே தாறுமாறாகி நிற்கக்கூடும் என்று 1911-ல் லெவி காட்டினார். இருந்தும், புரோபோபால் ஏறிய ஆளின் பக்கத்தில் நிற்கும்போது லாரி சொன்னதைத்தான் நான் செய்வேன். விரலில் மாட்டிய கருவி அலறுவதற்கு வெகு முன்பே மார்பு அசைவது நின்றிருக்கும்.

கெட்டமின் 1962-ல் உருவானது. மூச்சைக் காக்கும், அழுத்தத்தைத் தாங்கும், வலியையும் போக்கும். வசதி குறைந்த தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு அது செய்த உபகாரம் கொஞ்சமல்ல. சேற்றில் முள் குத்திச் சீழ் வைத்த காலோடு வரும் விவசாயிக்குப் போட்டுப் பார். கண் திறந்தே இருக்கும், கருவிழி பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும், கீறுவது அவருக்குத் தெரியாது. கதவருகில் நிற்கும் மகன் "அப்பா முழிச்சிட்டாரு" என்பான். விழிக்கவில்லை. நிஜமாக விழிக்கும்போது கெட்ட கனவில் கத்தவும் கூடும். மிடாசோலம் என்ற தூக்க மருந்து கொஞ்சம் கொடுத்தால் அதைத் தணிக்கும், ஆனால் தெளிவைத் தள்ளிப்போடும். ரெக்கவரியில் வெளிச்சமும் பேச்சும் குறைந்தால் போதும் என்பதை யாரும் கேட்பதில்லை.

டெக்ஸ்மெடிடோமிடின் பற்றி உன் சீனியர்கள் பரவசப்படுகிறார்கள். பத்து நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்து ஐந்து நிமிடக் கட்டிக்கு எதற்கு?

என் தீர்ப்பு இதுதான். வயிறு காலியாக இருந்து, ஆக்சிஜனும் மூச்சுக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், சின்ன அளவில் வலி மருந்து சேர்த்துப் புரோபோபால். ரத்தம் இழந்தவருக்குக் கெட்டமின், அதுவும் அளவைக் குறைத்து. மிடாசோலத்தைத் தனியாக நம்பாதே. அது போட்ட பிறகு திருபுவனத்து நெசவாளிப் பெண் ஒருவர் என்னோடு தெளிவாகப் பேசினார், மாத்திரை வேளைகளைத் திருப்பிச் சொன்னார், நடந்து போனார். மறுநாள் நான் பேசியதே அவருக்கு நினைவில்லை.

ஆகையால், மாலையிலேயே வீட்டுக்கு அனுப்புகிறாய் என்றால், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, டிராக்டரும் கூடாது என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுது. சீட்டை நோயாளி கையில் கொடுக்காதே; கூட வந்தவரிடம் கொடு. கூட யாரும் வரவில்லையென்றால் அன்று இரவு வார்டிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்