ஓய்வூதிய நிதியமும் ஆசிரியர் பிரதிநிதியும்: சிக்காகோ நகரம் ஓர் உதாரணம்

குடியியற் கல்வி – க.பொ.த. (சாதாரண தரம்) மீட்டற் பாடம்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• பொது ஓய்வூதிய நிதியம் ஒன்று எவ்வாறு இயங்குகின்றது என விளக்கவும்,
• அதன் பொறுப்பாளர் சபையின் அதிகாரங்களையும் எல்லைகளையும் வேறுபடுத்திக் காட்டவும்,
• ‘சுயேச்சை’, ‘சுயாதீனம்’ ஆகிய சொற்களின் வேறுபாட்டை உதாரணத்துடன் எழுதவும்
முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

தேர்தல் என்றதும் பாராளுமன்றமும் பிரதேச சபையுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் மக்களாட்சி முறை அவற்றுடன் முடிந்துவிடுவதில்லை. கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பவற்றிலும் பிரதிநிதிகள் தெரிவாகின்றனர். சில நாடுகளில் ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பராமரிக்கும் சபைகளுக்கும் தேர்தல் நடைபெறுகின்றது. அதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இலினோய் மாநிலத்திலுள்ள சிக்காகோ நகரம் சிறந்த உதாரணமாகும்.

சிக்காகோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் 1895 ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமொன்றினால் உருவாக்கப்பட்டது. அச்சட்டத்தைப் பாதுகாக்கும் நோக்குடனேயே 1897 இல் சிக்காகோ ஆசிரியர் சம்மேளனம் ஆரம்பமாயிற்று. அதன் தலைவர்களாக விளங்கிய கதரின் கொகின், மார்கரட் ஹேலி ஆகிய இருவரும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளாவர். அந்நாட்டில் பால் அடிப்படையில் வாக்குரிமை மறுக்கப்படுவதைத் தடைசெய்த அரசியலமைப்புத் திருத்தம் 1920 இலேயே நடைமுறைக்கு வந்தது என்பதை நினைவிற் கொள்க. தமது முதுமைக்கால வருமானம் பற்றித் தாமே பேசவேண்டும் என்பதை அவர்கள் அதற்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

2. நிதியம் இயங்கும் முறை

நிதியத்திற்குப் பணம் பிரதானமாகப் பின்வரும் வழிகளில் வருகின்றது.

(அ) ஆசிரியரின் பங்களிப்பு. இது சம்பளத்தில் 9% எனச் சட்டம் விதித்துள்ளது.
(ஆ) தொழில்தருநரின் பங்களிப்பு. இங்கு தொழில்தருநர் என்பது பிரதானமாகச் சிக்காகோ கல்விச் சபையாகும்.
(இ) முதலீட்டு வருமானம். பங்குகள், முறிகள், நிலையான சொத்துக்கள் முதலியவற்றிலிருந்து இது கிடைக்கின்றது.

2011 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் சேவையில் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் ஓய்வூதியம் பொதுவாகப் பின்வருமாறு கணிக்கப்படும்.

சேவை ஆண்டுகள் × 2.2% × இறுதிச் சராசரிச் சம்பளம்
(உயர்ந்தபட்சம் அச்சம்பளத்தின் 75%)

உதாரணம்: 30 ஆண்டுகள் சேவையாற்றிய ஆசிரியை ஒருவரின் இறுதிச் சராசரிச் சம்பளம் ஆண்டுக்கு 80,000 டொலர் எனக் கொள்வோம்.
30 × 2.2% = 66%
80,000 டொலரின் 66% = 52,800 டொலர்
எனவே அவரது ஆண்டு ஓய்வூதியம் 52,800 டொலராகும்.

2011 முதல் சேவையில் சேர்ந்தோருக்கு வேறு விதிகள் உண்டு. முழு ஓய்வூதியம் பெறும் வயது அவர்களுக்கு 67 ஆகும்.

கவனிக்க: சிக்காகோவின் பொதுப் பாடசாலை ஆசிரியர்கள் தமது ஆசிரியத் தொழிலுக்காக அமெரிக்க மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அவர்களுட் பலருக்கு இந்நிதியமே முதுமையின் பிரதான ஆதாரம். நிதியம் பலவீனமடைந்தால் அவர்கள் சாய்வதற்கு வேறு தூண் இல்லை.

3. பொறுப்பாளர் சபை

நிதியத்தை 12 நம்பிக்கைப் பொறுப்பாளர்களைக் கொண்ட சபை நிருவகிக்கின்றது.

• சேவையிலுள்ள ஆசிரியர்கள் தெரிவு செய்வோர் – 6
• ஓய்வூதியர்கள் தெரிவு செய்வோர் – 3
• அதிபர்களும் நிருவாகிகளும் தெரிவு செய்பவர் – 1
• கல்விச் சபை நியமிப்போர் – 2

இதன்படி 12 பேரில் 10 பேர் பணத்திற்கு உரியவர்களால் வாக்களித்துத் தெரிவு செய்யப்படுகின்றனர். ஆசிரியர் பிரதிநிதியின் பதவிக்காலம் 3 ஆண்டுகள். ஆறு பேரும் ஒரே ஆண்டில் மாறுவதில்லை. இதனால் அனுபவமுள்ளோர் சிலர் எப்போதும் சபையில் இருப்பர். பொறுப்பாளர்களுக்குச் சம்பளம் வழங்கப்படுவதில்லை. சபைக் கூட்டங்கள் பொதுமக்கள் பார்வையிடக்கூடியவையாக நடத்தப்பட வேண்டும் என்பது சட்டம்.

சபையால் செய்யக்கூடியவை:
1. முதலீட்டுக் கொள்கையை வகுத்தல், முதலீட்டு முகாமையாளர்களைத் தெரிந்தெடுத்தலும் நீக்குதலும்.
2. எதிர்காலக் கொடுப்பனவுகளைக் கணிக்கும் நிபுணரை நியமித்து, தொழில்தருநர் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தொகையைச் சட்டப்படி அறிவித்தல்.
3. ஓய்வூதிய, இயலாமைக் கொடுப்பனவு விண்ணப்பங்களைத் தீர்மானித்தல்.
4. கணக்குகளை உறுப்பினர்களுக்கு வெளியிடல்.

சபையால் செய்ய முடியாதவை:
1. ஓய்வூதியச் சூத்திரத்தை மாற்றுதல்.
2. ஆசிரியரின் 9% பங்களிப்பைக் கூட்டுதல் அல்லது குறைத்தல்.
3. வரி விதித்தல்.

இவை மூன்றும் சட்டத்தினாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அச்சட்டங்களை இயற்றுவது மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் கூடும் சட்டசபையாகும்.

4. பத்து ஆண்டுகள் நிகழ்ந்தது என்ன?

முதலில் ஒரு சொல்லை விளங்கிக்கொள்வோம். கொடுக்கவேண்டிய ஓய்வூதியங்களுக்காக ஒரு நிதியத்தில் இன்று 100 டொலர் இருக்கவேண்டும் எனவும், கையில் 90 டொலர் உள்ளது எனவும் கொள்க. அதன் நிதியிருப்பு விகிதம் 90% ஆகும்.

1995 இல் இலினோய் சட்டசபை சிக்காகோ பாடசாலைகளின் கட்டுப்பாட்டை நகர மேயரிடம் ஒப்படைத்தது. அதுவரை சொத்து வரியில் ஒரு பகுதி ஆசிரியர் ஓய்வூதியத்திற்கென ஒதுக்கப்பட்டு வந்தது. புதிய சட்டத்தின் கீழ் அப்பணத்தைப் பாடசாலைகளின் பொதுச் செலவுக்குப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. நிதியிருப்பு விகிதம் 90% இற்கு மேல் இருக்கும்வரை கல்விச் சபை பங்களிப்புச் செலுத்தத் தேவையில்லை என்ற நிலை ஏற்பட்டது. அக்காலத்தில் பங்குச் சந்தை உயர்ந்திருந்தமையால் நிதியம் நிறைந்திருப்பதாகவே தோன்றியது. இவ்வாறு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கல்விச் சபையின் வழமையான பங்களிப்பு நின்றது. ஆசிரியரின் சம்பளத்திலிருந்து செல்லும் பங்களிப்பு மட்டும் நிற்கவில்லை.

பின்னர் சந்தை வீழ்ந்தது. விகிதம் 90% இற்குக் கீழ் இறங்கியதும் மீண்டும் செலுத்தவேண்டியதாயிற்று. ஆனால் 2010 இல் இயற்றப்பட்ட சட்டம் 2011 முதல் 2013 வரையான பங்களிப்பை மறுபடியும் குறைத்தது. 2008 இன் உலக நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, நிதியிருப்பு விகிதம் ஏறத்தாழ பாதியளவுக்குத் தாழ்ந்தது. 90% என்ற நிலையை 2059 ஆம் ஆண்டிலேயே அடைவது இப்போது சட்டத்தின் இலக்காக உள்ளது. ஓய்வூதியத்திற்கெனத் தனியான சொத்து வரி அறவிட 2016 இல் மீண்டும் வழி செய்யப்பட்டது.

இலினோய் மாநிலத்தின் 1970 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பொது ஊழியரின் ஓய்வூதிய உரிமையைக் குறைக்கமுடியாத ஒப்பந்தமாகக் கருதுகின்றது. மாநிலத்தின் ஏனைய ஓய்வூதியத் திட்டங்களில் நன்மைகளைக் குறைக்க முயன்ற சட்டமொன்றை மாநில உயர் நீதிமன்றம் 2015 இல் செல்லாததாக்கியது. எனினும் உரிமை ஏட்டில் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கொடுக்கப் பணமும் இருக்கவேண்டும்.

5. இதில் பிரதிநிதியின் பங்கு என்ன?

‘சபையில் ஆசிரியர்களுக்கு இவ்வளவு இடங்கள் இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?’ என்று நீங்கள் கேட்கலாம். பங்களிப்பை நிறுத்த இடமளித்தது சட்டசபை. பொறுப்பாளர் சபை அன்று. இதுவே சபையின் எல்லை.

ஆனால் இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். நிதியத்திற்குச் செல்லாத பணம் எங்கே சென்றது? பாடசாலைகளின் நடைமுறைச் செலவுகளுக்குச் சென்றது. ஆசிரியரின் சம்பளமும் அச்செலவுகளுள் ஒன்றே. அதாவது, ஓய்வூதியத்திற்குச் செலுத்தாமல் விட்டால் இவ்வருடம் சம்பளம் பேசுவது எளிது. முப்பது வருடங்களின் பின் ஓய்வூதியம் கொடுப்பது கடினம். இங்கு இரண்டு நியாயமான நலன்கள் மோதுகின்றன. இந்த மோதலே சுயேச்சை வேட்பாளர் பற்றிய விவாதத்தின் அடிப்படையாகும்.

6. சுயேச்சையும் சுயாதீனமும்

சிக்காகோவில் ஆசிரியர் சங்கம் பலமானது. அது 1937 இல் உருவானது. பொறுப்பாளர் தேர்தலில் அமைப்பொன்றின் ஆதரவுடன் நிற்போரும் உண்டு. எந்த அணியையும் சாராது நிற்போரும் உண்டு. பின்னையவரே சுயேச்சை வேட்பாளர்.

சுயேச்சை வேட்பாளருக்குச் சார்பான வாதங்கள்:
• சம்பளப் பேச்சுவார்த்தையில் ஈடுபடும் அமைப்புக்கு அவர் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே நிதியத்தின் நலனை மட்டும் நோக்குவது அவருக்கு இலகு.
• தனி நிருவாகத்தின் கீழ் இயங்கும் ‘சார்ட்டர்’ பாடசாலைகளின் தகைமைபெற்ற ஆசிரியர்களும் இதே நிதியத்தின் உறுப்பினர்களே. எல்லாத் தரப்பினருக்கும் பொதுவானவராக அவர் விளங்கலாம்.
• கணக்கில் ஐயம் எழும்போது அணிக்கட்டுப்பாடு இன்றிக் கேள்வி எழுப்பலாம்.

எதிரான வாதங்கள்:
• பங்களிப்பைத் தீர்மானிப்பது சட்டசபை. அங்கு குரல் கொடுக்க அமைப்பின் பலம் தேவை. தனியொருவரின் குரல் எளிதில் அமுங்கிவிடும்.
• அணியாக வருவோரைப் பின்னர் உறுப்பினர்கள் பொறுப்புக்கூற வைக்கலாம். தனியாக வருபவரின் கொள்கையை முன்கூட்டி அறிவது கடினம்.
• அணி சாராமை மட்டும் முதலீட்டு அறிவைத் தந்துவிடாது.

இப்போது இரு சொற்களையும் வேறுபடுத்துவோம். சுயேச்சை என்பது ஒருவர் தேர்தலில் எவ்வாறு நிற்கின்றார் என்பதைக் குறிக்கும். சுயாதீனம் என்பது தெரிவானபின் எவ்வாறு தீர்மானம் எடுக்கின்றார் என்பதைக் குறிக்கும். இலினோய் ஓய்வூதியச் சட்டத்தின்படி பொறுப்பாளர் ஒவ்வொருவரும் உறுப்பினர்களினதும் பயனாளிகளினதும் நலனுக்காக மட்டுமே, விவேகமுள்ள ஒருவர் காட்டும் கவனத்துடன் செயற்பட வேண்டும். தம்மைத் தெரிவு செய்தவர்களுக்காகவோ, நியமித்தவர்களுக்காகவோ அவர் அங்கு அமர்வதில்லை. இவ்விதி சங்க ஆதரவில் வந்தவருக்கும், தனியாக வந்தவருக்கும், கல்விச் சபை நியமித்தவருக்கும் ஒன்றே.

ஆகவே சுயேச்சையாக வந்தவர் சுயாதீனமற்றவராகவும் நடக்கலாம். அணியில் வந்தவர் சுயாதீனமாகவும் நடக்கலாம். வாக்காளர் சின்னத்தைப் பார்த்து ஓய்ந்துவிடாமல், வேட்பாளர் கணக்கறிக்கையை வாசிப்பவரா, கூட்டங்களுக்கு ஒழுங்காகச் செல்பவரா, நலன் முரண்பாடு உள்ள இடத்தில் விலகி நிற்பவரா என ஆராய வேண்டும்.

7. இலங்கையுடன் ஓர் ஒப்பீடு

இலங்கையின் அரச பாடசாலை ஆசிரியரின் ஓய்வூதியம், உறுப்பினர் தெரிவு செய்யும் சபையொன்றினால் வழங்கப்படுவதில்லை; அரசாங்க நிதியிலிருந்து வழங்கப்படுகின்றது. தனியார் துறை ஊழியருக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் தாபிக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதி உண்டு. இதற்கு ஊழியர் குறைந்தது 8%, தொழில்தருநர் குறைந்தது 12% செலுத்துவர். பொது நிருவாகம் தொழில் ஆணையாளரிடமும், பணத்தின் பராமரிப்பும் முதலீடும் மத்திய வங்கியிடமும் உள்ளன. உறுப்பினர் வாக்களித்துப் பொறுப்பாளரைத் தெரிவு செய்யும் முறை இதில் இல்லை. இவ்விரு முறைகளின் நன்மை தீமைகளை வகுப்பறையில் விவாதிக்குக.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஓய்வூதிய நிதியத் தேர்தலொன்றில் மூன்று வேட்பாளர்கள் பின்வருமாறு கூறுகின்றனர்.
வேட்பாளர் ‘அ’: “என்னைத் தெரிவு செய்தால் உங்கள் ஓய்வூதியத்தை 10% உயர்த்துவேன்.”
வேட்பாளர் ‘ஆ’: “நான் எந்த அணியையும் சாராதவர். அதுவே போதும்.”
வேட்பாளர் ‘இ’: “சங்கம் என்னை ஆதரிக்கின்றது. எனினும் பங்களிப்பு நிலுவையை ஒவ்வொரு காலாண்டும் உங்களுக்கு அறிவிப்பேன்.”
சிக்காகோ முறையைக் கருத்திற் கொண்டு இக்கூற்றுகளை மதிப்பிடுக.

விடை:
‘அ’ இன் வாக்குறுதி சபையின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. ஓய்வூதியச் சூத்திரத்தை மாற்றுவது மாநிலச் சட்டசபையாகும். எனவே இவ்வாக்குறுதியை அவரால் நிறைவேற்ற முடியாது.
‘ஆ’ தமது சுயேச்சை நிலையை மட்டும் கூறுகின்றார். அது பயனுள்ள தகுதியாக இருக்கலாம். ஆயினும் அறிவு, வருகை, செயற்திட்டம் பற்றி அவர் எதுவும் கூறவில்லை.
‘இ’ சபையின் அதிகாரத்திற்குட்பட்டதும் சரிபார்க்கக் கூடியதுமான ஒன்றைக் கூறுகின்றார். இது வெளிப்படைத்தன்மையை வளர்க்கும். எனினும் சம்பளத்திற்கும் பங்களிப்பிற்கும் முரண்பாடு எழும்போது அவர் எவ்வாறு நடப்பார் என வாக்காளர் கேட்டறிய வேண்டும்.

பரீட்சைக் குறிப்பு: ‘மதிப்பிடுக’ என வினவும்போது ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. ஒவ்வொரு கூற்றிலும் ஏற்கத்தக்கதையும் குறைபாட்டையும் காட்டி, காரணம் தருக.

9. பயிற்சி வினாக்கள்

1. சிக்காகோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் தாபிக்கப்பட்ட ஆண்டு யாது?
2. பொறுப்பாளர் சபையின் 12 உறுப்பினர்களும் வரும் வழிகளைக் குறிப்பிடுக.
3. 2011 இற்கு முன் சேவையில் சேர்ந்து 20 ஆண்டுகள் சேவையாற்றிய ஆசிரியரின் இறுதிச் சராசரிச் சம்பளம் 70,000 டொலர். அவரது ஆண்டு ஓய்வூதியத்தைக் கணிக்குக. (விடை: 30,800 டொலர்)
4. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவுகள் மூன்றினைத் தருக.
5. ‘பணத்திற்கு உரியவர்கள் சபையில் இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதுமானதன்று.’ இக்கூற்றைச் சிக்காகோ அனுபவத்தின் துணையுடன் விளக்குக.