தீப்பந்த ஆட்டமும் தற்காப்பும்

கல்லூரி ஆண்டு விழாக்களிலும் விடுதி நாட் கொண்டாட்டங்களிலும் தீப்பந்தஞ் சுழற்றும் ஆட்டம் மாணவர் உள்ளத்தைப் பெரிதுங் கவர்வதொன்றாம். இருமுனையிலுந் தீயிட்ட சிலம்பக்கோல் இருளிடைச் சுழலுங்கால் அவை முழுவதும் மூச்சடங்கி நோக்குகின்றது. அக்காட்சியை நாமும் விரும்புவோமே. ஆயினும், ஆடுவோன் இவன், காண்போன் இவன் என்னும் வேற்றுமையைத் தீ அறியாது. ஆதலின், இவ்வாட்டத்திற் புகுவோர் அறிந்திருக்க வேண்டுவன சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு வரலாற்றை நினைவு கூர்வோம். பாரிஸ் மாநகரின் ஆபரா அரங்கில் எம்மா லிவ்ரி என்னும் இளநங்கை நடனத்தாற் பெரும்புகழ் எய்தியிருந்தாள். 1862ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஒத்திகையொன்றின்போது அவளது மெல்லிய பாவாடை எரிவாயு விளக்கிற் பட்டுத் தீப்பற்றியது. எட்டுத் திங்கள் வருந்தி, 1863 ஜூலையில், இருபது வயதிலேயே அவள் உயிர் நீத்தாள். துணி எளிதில் தீப்பற்றாதபடி அதனை வேதியுப்புக் கரைசலில் தோய்த்தெடுக்கும் முறை அக்காலத்தே இருந்தது. ஆடை விறைத்து அழகு குன்றுமென்று அவள் அதனை ஏலாள் ஆயினாள். அறியாமையினும், அறிந்ததைச் செய்யாமையே பெருங்கேடு என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

இனி, எண்ணெயின் இயல்பை ஆராய்வோம். எரிவது எண்ணெயன்று, அதனினின்றெழும் ஆவியே எரிகின்றது. பெட்ரோல் கடுங்குளிரிலும், சுழிக்குக் கீழ் 40 பாகை அளவிலுங்கூட, பொறி பட்டாற் பற்றத்தக்க ஆவியை விடுவது. அந்த ஆவி காற்றினுங் கனமானது. தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டவல்லது. ஆதலின் பந்தத்திற்குப் பெட்ரோலை ஒருகாலும் பயன்படுத்தலாகாது. மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவி விடுதற்குப் பெரும்பாலும் 38 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆயினும், நம் நாட்டுக் கோடை வெயிலில் வைத்த தகரக்குவளை அவ்வெப்பத்தை எளிதில் எய்துமாதலின், அதனையும் நிழலிலேயே மூடிவைத்தல் வேண்டும்.

பந்தத்தின் தலையைப் பருத்தித் துணியாலோ, இக்காலத்துக் கிடைக்கும் கெவ்லார் நாடாவாலோ சுற்றிக் கம்பியால் இறுகப் பிணித்தல் நன்று. நைலான் முதலிய செயற்கை இழைகள் உருகிச் சொட்டுவனவாதலின் கொள்ளத்தக்கன அல்ல. எண்ணெயில் தோய்த்த பின்னர்ப் பந்தத்தைத் தொங்கவிட்டு வடியச்செய்து, எஞ்சிய எண்ணெயை ஒரு மூடுகலத்தினுள்ளே உதறிவிட்டே தீ மூட்டல் வேண்டும். எண்ணெய்க் கலம் தீ மூட்டும் இடத்தினின்று பலவடி தூரம் விலகியிருத்தல் இன்றியமையாதது.

ஆடையும் அவ்வாறே. செயற்கைப் பட்டு அழகாய் மின்னும். தீப்பட்டாலோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரிவதேயாயினும் உருகுவதில்லை. ஆதலின் தடித்த பருத்தியாடையை, தொங்கலும் குஞ்சமுமின்றி, உடலோடொட்ட அணிதல் தக்கது. தலைமயிரை முடிந்து ஈரத்துணியாற் கட்டுக.

இவையெல்லாவற்றினுஞ் சிறந்தது காவலாள் ஒருவனை நிறுத்துதலாம். நம் ஒத்திகையொன்றில் நேர்ந்ததை மறைக்க விரும்புகின்றிலோம். பந்தத்தை உதறாமலே மூட்டிவிட்டோம். சுழற்சியில் தெறித்த எண்ணெய் ஆடுவோன் சட்டைக்கையிற் பற்றியது. ஈரத்துவாலையுடன் நின்ற நண்பரோ ஆட்டத்தைக் கண்டு மெய்ம்மறந்து நின்றார்! சில நொடிகளே கழிந்தன. எனினும் முன்கை முழுவதுங் கொப்புளித்தது. அன்று முதல் காவலாள் ஆட்டத்தைப் பாராது, ஆடுவோனையும் அவன் ஆடையையுமே பார்க்கவேண்டுமென்று விதித்துக்கொண்டோம். எரியும் பந்தத்தின்மேல் நீரை வீசுதல் ஆகாது; பிழிந்த ஈரத்துவாலையாற் போர்த்துக் காற்றை அடைத்தலே முறை. ஆடையிற் பற்றினால் ஓடற்க. நின்று, தரையிற் படுத்து, முகத்தைக் கைகளான் மூடி உருளுக.

இடத்தையும் நோக்குதல் வேண்டும். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்து வெஸ்ட் வார்விக் நகரில், இசையரங்கொன்றில் மத்தாப்புப் பொறி சுவரிலிருந்த பஞ்சுநுரையிற் பற்ற, நூறு பேர் மாண்டனர். தாம் வந்த முன்வாயிலையே பலரும் நாடி நெருக்குண்டனர். ஆதலின் கீற்றுப் பந்தலின் கீழும், திரைச்சீலை சூழ்ந்த மேடையிலும் தீயாட்டம் வேண்டா. திறந்த வெளியில், காற்றடங்கிய வேளையில், காண்போரைக் கயிறு கட்டித் தொலைவில் நிறுத்தியே ஆடுக.

வாயில் எண்ணெய் கொண்டு தீயுமிழும் வித்தையை யாவரும் விலக்குக. ஒரு துளி மூச்சுக்குழலுட் புகினும் நுரையீரல் அழற்சியுற்று உயிர்க்கே ஊறு நேரலாம்.

எத்துணை விழிப்பாயிருப்பினும் புண் நேர்தல் கூடும். அன்று நம் நண்பரின் கையில் மை தடவ ஒருவரும், மாவு பூச மற்றொருவரும் விரைந்தனர். இரண்டுந் தவறு. புண்பட்ட இடத்தைக் குளிர்ந்த ஓடுநீரில் இருபது நிமிடம் வைத்தலே முதலுதவி. பனிக்கட்டி வேண்டா. மோதிரம், கடிகாரம் முதலியவற்றை வீங்குமுன்னரே கழற்றுக. ஒட்டிய துணியைப் பிடுங்கற்க. தூய துணியாற் போர்த்து மருத்துவரிடஞ் செல்லுக.

அந்நண்பரின் கை பின்னர் ஆறிற்று. தழும்பு மட்டும் எஞ்சியது. அடுத்த விழாவிற் பந்தமேந்தியவரும் அவரே. ஆனால், எண்ணெயை உதறியது போதுமா என மும்முறை வினவி, காவலாள் தம்மை நோக்குதலைக் கண்ட பின்னரே தீ மூட்ட இசைந்தார். அச்சமன்று அது, கலையின் ஒரு பகுதியே. தம்பிமார்களே, நீவிரும் அதனை முதலிற் பயின்று, பின்னர்ப் பந்தத்தை ஏந்துமின்.