கடல் உயர்ந்தால் எது மூழ்கும்?

எங்கள் குரும்பகரத்துத் தெருவில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும்தான் தெரியும். ஆகவே கடல்மட்டம் உயர்ந்து வருகிறது என்று பாடத்தில் படித்தபோது, அது எங்கோ தீவுகளில் வாழும் மக்களின் கவலை என்றே எண்ணினோம்.

அத்தீவுகளுள் முதலில் நினைவுக்கு வருவது மாலத்தீவு. அங்குள்ள ஏறத்தாழ 1,200 பவளத்தீவுகளில் 200க்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வாழ்கின்றனர். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. 1987 ஏப்ரலில் பேரலைகள் தலைநகர் மாலேயினுள் புகுந்தன. பின்னர் ஜப்பானின் உதவியோடு கடற்சுவர் எழுப்பினார்கள். சுவர் அலையைத் தடுக்கும். ஆனால் பவளத்தரை சல்லடை போன்றது. உப்புநீர் அடியிலிருந்தே ஊறிக் கிணறுகளைக் கெடுத்துவிடும்.

உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் உயர்ந்துள்ளது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. அப்படியானால் எந்த நிலம் மூழ்கும்? நிலத்தின் உயரங்களைக் குறித்து, தாழ்ந்த இடங்களுக்கு நீலம் தீட்டினால் படம் தயார் என்று நினைத்து, காரைக்கால் பகுதிக்கு ஒன்று வரையத் தொடங்கினோம்.

2000 பிப்ரவரியில் எண்டவர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு அளந்த உயரங்களை எங்கள் புவியியல் சிஸ்டர் கணினியில் எடுத்துத் தந்தார். வரைந்து பார்த்தால், எங்கள் ஊர்த் தென்னந்தோப்பு ஒரு குன்றாக எழும்பி நின்றது! வகுப்பே சிரித்தது. ரேடார் கண்டது தரையை அன்று, பெரும்பாலும் மரத்தின் தலையை. நகரங்களிலோ கூரைகளைக் காணும். மேலும் அவ்வெண்கள் முழு மீட்டர்களில் உள்ளன. மரக்காலால் அளந்த நெல்லில் ஆழாக்குக் கணக்குப் பார்ப்பது போலத்தான் இது. இத்தகைய பிழைகளைத் திருத்தி 2019ல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மீண்டும் கணக்கிட்டபோது, கடல் வெள்ள அபாயத்தில் உள்ள மக்கள்தொகை முந்தைய கணக்கைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று.

தாழ்ந்த இடமெல்லாம் மூழ்கிவிடும் என்பதும் சரியன்று. நீர் வந்துசேர வழி வேண்டும். அந்த வழி எங்கள் பகுதியில் தாராளமாகவே இருக்கிறது. அரசலாறும் வாஞ்சியாறும் நூலாறும் எத்தனை வாய்க்கால்களோ! 26.12.2004 சுனாமியின்போது கடல் ஆற்று முகத்துவாரங்கள் வழியாகவும் ஏறி வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். முன்பு வெள்ளந்தோறும் காவிரி வண்டலைக் கொணர்ந்து நிலத்தை உயர்த்தியது. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின் அவ்வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது.

கடைசியில் ஒரு கொத்தனாரிடம் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயை இரவல் வாங்கி, தோப்பிலிருந்து வாய்க்கால் கரை வரை நாங்களே அளந்தோம். சேற்றில் விழுந்தவர்கள் பெயரை இங்கே எழுத வேண்டாம். தோப்புக்கும் வயலுக்கும் வேறுபாடு முழங்கால் அளவுகூட இல்லை. எங்கள் புதிய படத்தில் தோப்புக்கும் வயலுக்கும் ஒரே நீலம்தான்.