விளையாட்டு மொழியும் பாட மொழியும்

"என் பையன் தெருவில் இந்தியை அருவியாய்ப் பொழிகிறான். வகுப்பில் மட்டும் வாயே திறப்பதில்லையாம்!" அந்தமானில் குடியிருக்கும் நம் தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கும் குறை இது. பள்ளியில் ஒருவர் பிள்ளையைச் சோம்பேறி என்பார், இன்னொருவர் மந்தம் என்பார். இரண்டு பட்டங்களும் பிள்ளையின் காதில் விழுந்து, சில ஆண்டுகளில் அவனே நம்பிவிடுகிறான். கல்வி உளவியல் கற்றவர்கள் இதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள். பெற்றோரும் ஆசிரியரும் அதை அறிந்துகொள்வது அவசியம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளியர், இந்தி பேசுவோர், தெலுங்கர், மலையாளிகள், நிக்கோபாரியர் எல்லாரும் கலந்து வாழும் இடம் இது. இங்கே தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. ஆயினும் ஆங்கிலவழியை நாடும் குடும்பங்கள் பல. ஆக, ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம். மூன்றையும் எளிதாகச் சமாளிக்கிறான் என்று நாம் பூரித்துப் போகிறோம். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். பழகுவதற்கான மொழி ஒன்று. பாடம் கற்பதற்கான மொழி மற்றொன்று. குடியேறிய பிள்ளைகள் பழகும் மொழியை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே மொழியில் பாடத்தைப் படித்து, காரணம் கூறி, கட்டுரை எழுதும் அளவுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பந்து விளையாடும்போது முகக்குறிப்பும் கைச்சாடையும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். 'ஆவியாதல்' பற்றிய பாடத்தில் எந்தச் சாடை உதவும்? தெருவில் பொழியும் இந்தியை வைத்துப் பிள்ளையின் பாட அறிவை அளப்பது சரியல்ல.

இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. வாசகக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'படகில் 48 மூட்டை தேங்காய் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மாயாபந்தரில் இறக்கினால் மீதி எத்தனை?' ஆங்கிலத்தில் படித்து விழிக்கும் பிள்ளையிடம் இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். உடனே 32 என்றால் கணக்கில் குறையில்லை. மொழிக்குத்தான் உதவி தேவை. தமிழிலும் விழித்தால் பின்னத்தை மீண்டும் கற்பிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. இந்தச் சோதனையைச் செய்யாமலே டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கேயும் அதே ஆங்கில வாசகத்தைப் பத்துமுறை எழுதச் சொல்கிறார்கள்!

மாணவன் ஏற்கெனவே அறிந்திருப்பது எதுவோ அதுதான் அவன் கற்றலை மற்ற எதையும்விட மிகுதியாகத் தீர்மானிக்கிறது என்பது அமெரிக்க உளவியலார் டேவிட் ஆசுபெல் 1968-இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து. நம் தீவுப் பிள்ளை என்னென்ன அறிந்திருக்கிறான்? அப்பாவோடு ஜங்கிலிகாட் துறைக்கு மீன் வாங்கப் போனவன் கடல் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்திருக்கிறான். நண்பன் அதை ஜ்வார்-பாட்டா என்பான். புத்தகம் டைடு என்னும். மூன்றும் ஒன்றே என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்தது. பிறகு ஒரு வாரம் கடல் ஏறும் நேரத்தைக் குறித்து வரச் சொல்லலாம். நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சந்திரன் பாடத்துக்குள் வருவதற்கு அதைவிட நல்ல வாசல் ஏது?

தீர்க்கரேகைப் பாடமும் அப்படித்தான். சென்னையிலுள்ள பாட்டியோடு காலையில் போனில் பேசும் பிள்ளைக்கு, இங்கே வெளிச்சமாயிருக்கையில் அங்கே இருட்டு என்பது தெரியும். 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர், சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ பன்னிரண்டரை பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 50 நிமிடம். கடிகாரம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே நேரம் காட்டுகிறதே, ஏன்? இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு ஆசிரியர் சற்று மௌனமாக இருந்தால் போதும். வகுப்பு தானே பேசத் தொடங்கும்.

எந்த மொழியில் பேசுவது? இங்கே ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி துணைக்கு வருகிறார். தனியாகச் செய்ய முடியாததைப் பிள்ளை ஒருவர் துணையோடு செய்து, பின் தானாகச் செய்யப் பழகுகிறான் என்றார் அவர். அந்தத் துணை புரியாத மொழியில் வந்தால் துணையாகாது. வேல்ஸ் நாட்டில் வெல்ஷ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே பாடத்தில் திட்டமிட்டு மாற்றிமாற்றிப் பயன்படுத்தும் முறையைச் சென் வில்லியம்ஸ் 1994-இல் ஆராய்ந்து எழுதினார். நமக்கும் அது பொருந்தும். ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் இருவரைச் சேர்த்து உட்காரவைத்து, பத்து நிமிடம் தங்கள் மொழியில் பேசவிட்டு, பிறகு விடையை ஆங்கிலத்தில் சொல்லச் செய்யலாம். வங்காளி, தெலுங்குப் பிள்ளைகளுக்கும் அப்படியே. இரண்டாம் பகுதியை மட்டும் விட்டுவிடக் கூடாது. தேர்வுத் தாளில் விடை ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும்!

இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியிலோ வீட்டு மொழியிலோ கற்பிக்கலாம் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது. பல மொழியினர் கூடியிருக்கும் வகுப்பில் அது எளிதன்று என்பதும் உண்மை.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். 'பள்ளிக்கு உதவுமே' என்று பிள்ளையோடு தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசும் பெற்றோர் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் விளைவு நல்லதாக இல்லை. ஒரு மொழியில் ஊன்றிய கருத்து மறுமொழிக்குத் தாவும் என்பதும் கம்மின்ஸ் கூறியதே. சோறு கொதிக்கும்போது மூடியில் நீர் கோப்பது ஏன் என்று அம்மா தமிழில் விளக்கினால், 'ஆவியாதல்' பாடம் வரும் நாளில் பிள்ளை புதிதாய்க் கற்கவேண்டியது ஆங்கிலச் சொல்லை மட்டுமே. மாலையில் அரை மணி நேரம், அன்று நடந்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் 'எத்தனை மார்க்?' என்பதற்கு முன்பாக அதை ஆசிரியரிடம் கேளுங்கள்.