சீனியும் வயல் சேறும்: சாய்ந்தமருது வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வரம்பு கட்டும்போது மண்வெட்டி பட்ட வாப்பாவின் கால் காயம், பிறகு வந்த காய்ச்சல், வெண்குருதிக் கலங்கள் 17,000 என்று காட்டிய இரத்த ரிப்போட் எல்லாம் எழுதியிருந்தீர்கள். இரத்தம் கெட்டுப்போய்விட்டதென்று உம்மா அழுகிறாராம். முதலில் அவரைத் தேற்றுங்கள். கனமில்லிமீற்றருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியவை இப்படிக் கூடினால், பெரும்பாலும் கிருமி உள்ளே வந்துவிட்டது, உடம்பு எதிர்த்து நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

ரிப்போட்டில் நியூட்ரோபில் என்ற வரியைப் பாருங்கள். பக்டீரியாவோடு முதலில் மோதுபவை அவைதான். எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. காயத்துக்குப் பக்கத்தில் இரத்தக் குழாயின் சுவர் பிசுபிசுப்பாகிவிடும். ஓட்டத்தில் வந்த கலம் அதில் உருண்டு, ஒட்டி, சுவரின் இடுக்கில் உடலை ஒடுக்கி நுழைந்து வெளியே வரும். கிருமி விடும் இரசாயனத்தை மோப்பம் பிடித்து ஊர்ந்து போய், வளைத்து விழுங்கி, நஞ்சான ஒட்சிசன் சேர்வைகளாலும் நொதியங்களாலும் கொல்லும். சில வேளை தன் டிஎன்ஏயையே வலையாக விரித்துக் கிருமியைச் சிக்கவைக்கும். இது 2004 இல்தான் தெரியவந்தது. வாப்பாவின் புண்ணில் நீங்கள் துடைத்த சீழ் பெரும்பாலும் இப்படிப் போராடிச் செத்த கலங்கள்தான்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி: வாப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். இரத்தத்தில் சீனி ஏறியிருந்தால் இந்தக் கலங்கள் காயத்துக்கு வந்துசேரப் பிந்தும், விழுங்கிக் கொல்லும் வலுவும் குறையும். எண்ணிக்கை 17,000 இருந்தாலும் வேலை சரியாக நடக்காது.

நம் வயல் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் ஒரு பக்டீரியா, விழுங்கிய கலத்துக்குள்ளேயே சாகாமல் பெருகும். அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். ரங்கூனில் அல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் 1912 இல் அதை விவரித்து எழுதினார்கள். இலங்கையில் 1927 இலேயே பதிவானது. கிழக்கு மாகாணத்திலும் நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். இந்நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சீனி உள்ளவர்கள். பார்மசியில் கேட்டு வாங்கும் அமொக்சிசிலினுக்கு அது படியாது.

வாப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. வயல் சேற்றில் எலிக்காய்ச்சலும் வரும், சாதாரணக் கிருமிகளும் உண்டு. எதுவென்று இரத்தத்திலும் சீழிலும் வளர்ப்புச் சோதனை முதலியவை செய்துதான் அறியலாம். அதனால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சேற்றில் நின்றதையும் சீனி இருப்பதையும் டொக்டர் கேட்கும் முன்னரே சொல்லுங்கள். மெலியோய்டோசிஸ் என்று வந்தால் ஆகக் குறைந்தது பத்து நாளாவது ஊசி, அதன்பின் மூன்று மாதமளவு குளிசை. காய்ச்சல் விட்டதும் வாப்பா நிறுத்தப் பார்ப்பார். விட்டுவிடாதீர்கள், இடையில் நிறுத்தியவர்களுக்கு அது திரும்ப வந்திருக்கிறது.

டொக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வாப்பாவின் ஷிஃபாவுக்காகத் துஆ செய்கிறேன்.

வஸ்ஸலாம்.