கேன்டீனில் தொடங்க வேண்டிய உரிமைப் பாடம்

அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14-ஐத் தமிழக அரசு 2022-இல் சமத்துவ நாளாக அறிவித்தது. அன்று உறுதிமொழி எடுத்துவிட்டு அவரவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை. உரிமைகளைப் பற்றிப் படித்தது ஆலைக்கு வெளியே யாருக்காவது உதவினால்தான் அது சமூகப்பணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்கள் அதைச் செய்ய முடியும். முதலில் பத்துப் பேர் சேருங்கள். பகல் ஷிப்ட் முடிந்ததும், பஸ் கிளம்புவதற்கு முன், மாதம் இருமுறை கேன்டீனில் முக்கால் மணி நேரம் ஒதுக்கித் தருமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். பாடத்தைப் பக்கத்து ஊரிலிருந்து தொடங்குங்கள். 2020 சுதந்திர தினத்தன்று ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், பட்டியலினப் பெண் என்பதால் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். தோக்கமூரில் தீண்டாமைச் சுவர் ஒன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள்: பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன், அரசமைப்பின் 17-ஆம் பிரிவு, 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம். இந்தச் சட்டம்தான் 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான்.

சாதியைப் பேசினால் லைனில் ஒற்றுமை கெடும் என்று மேலாளர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. அதனால் யாருடைய சாதியையும் கேட்பதில்லை என்ற விதியோடு தொடங்குங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம். சட்டத்தின் தமிழ் வாசகத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆனால் பேசாமல் இருப்பதால் பிரிவினை போய்விடாது; ஆத்துப்பாக்கத்தில் நடந்ததே அதற்குச் சாட்சி. பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்காக இந்தி தெரிந்த ஒருவர் உடன் இருக்கட்டும்.

மூன்றாம் மாதத்தில் வெளியே போங்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் முன்பணக் கடனில் சிக்கிய வரலாறு நீண்டது. கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு விடுவிப்புச் சான்றிதழ்தான் உயிர்; அது கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வு உதவி நகராது. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தினக்கூலியை விட்டுவிட்டு ஒருவர் எத்தனை முறை அந்த அலுவலகத்துக்கு அலைய முடியும்? விண்ணப்பம் எழுதுவது, நகல் எடுப்பது, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் துணைபோவது, மனு எண்ணைக் குறித்துவைத்து அடுத்த மாதம் விசாரிப்பது என்று உங்களால் ஆகிற வேலை நிறைய உண்டு. அவர்கள் கூப்பிட்டால் மட்டும் போங்கள்; போட்டோ எடுக்காதீர்கள். கொத்தடிமை நிலை கண்ணில் பட்டால் நீங்களே மீட்கப் போகாதீர்கள், ஆட்சியருக்கு எழுதுங்கள்.

செலவைப் பற்றி ஒன்று. சொந்த ஊழியர்களுக்கான வகுப்பு சிஎஸ்ஆர் கணக்கில் வராது. நிறுவனம் அதைத் தன் பயிற்சிச் செலவிலேயே ஏற்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. வரும் சம்பள நாளுக்குள் அந்தப் பத்துப் பேரின் பெயரை எழுதி மனிதவளப் பிரிவில் கொடுத்துவிடுங்கள்.