காபிச் செடிக்குள் தாவும் மரபணுக்கள்

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புரதம் தயாரிப்பதற்கான குறிப்பு டி.என்.ஏ.வின் சிறு பகுதியில்தான் உள்ளது என்று விளக்கிவிட்டு, "மீதியெல்லாம் குப்பை" என்று சொல்லிவிட்டேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "குப்பைன்னா செடி அதை ஏன் டீச்சர் இத்தனை காலமா சுமக்குது?" என்றாள். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோது விடை சொல்ல உதவியது, நாம் தினமும் குடிக்கும் காபி.

மக்காச்சோளத்தில் தொடங்கிய கதை

1940-களில் அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்ளின்டாக், மக்காச்சோள மணிகளில் தென்பட்ட புள்ளிகளை ஆராய்ந்தார். நிறம் தரும் மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்தால் நிறம் மறைகிறது. அந்தத் துண்டு சில செல்களிலிருந்து வெளியேறினால் அங்கு மட்டும் நிறம் திரும்புகிறது. அதுவே புள்ளி. மரபணுக்கள் குரோமோசோமில் அசையாமல் இருப்பவை என்று நம்பிய காலம் அது. பலர் அவர் சொன்னதை ஏற்கத் தயங்கினர். 1983-இல், தம் 81-ஆம் வயதில், அவர் நோபல் பரிசு பெற்றார்.

இத்தகைய தாவும் துண்டுகள் இரு வகைப்படும். ஒரு வகை, இருந்த இடத்தைவிட்டு வெளியேறி வேறிடத்தில் அமரும். மற்றொரு வகை, ஆர்.என்.ஏ. வழியாகத் தன்னையே நகலெடுத்து, நகலை மட்டும் புதிய இடத்தில் சேர்க்கும். இரண்டாம் வகை பெருகிக்கொண்டே போகும்.

காபியின் ஜீனோம்

ரோபஸ்டா காபியின் ஜீனோம் வரிசை 2014-இல் வெளியானது. அதில் புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 25,500. ஜீனோமில் ஏறத்தாழ பாதியை நிறைத்திருப்பவை தாவும் கூறுகள். அவற்றிலும் பெரும்பாலானவை நகலெடுக்கும் வகை.

இந்த நகல்களில் பலவற்றின் இரு முனைகளும், புகும் நேரத்தில் ஒரே மாதிரி இருக்கும். காலம் செல்லச்செல்ல ஒவ்வொரு முனையிலும் தனித்தனியே மாற்றங்கள் சேரும். இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை எண்ணினால், அந்த நகல் புகுந்த காலத்தைக் கணிக்கலாம். ஆக, நான் குப்பை என்று சொன்னது செடியின் வரலாற்றுப் பதிவேடாகவும் இருக்கிறது.

அராபிகாவின் பலமும் பலவீனமும்

ரோபஸ்டாவுக்கு 22 குரோமோசோம்கள், அராபிகாவுக்கு 44. ரோபஸ்டா இனமும் யூஜெனியாய்டிஸ் என்ற மற்றோர் ஆப்பிரிக்கக் காபி இனமும் இயற்கையில் கலந்து உருவானதே அராபிகா. இந்தக் கலப்பு 3,50,000 முதல் 6,10,000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு கணிக்கிறது.

இரு இனங்கள் கலக்கும்போது ஜீனோம் அதிர்ச்சிக்குள்ளாகி, தாவும் கூறுகள் விழித்தெழக்கூடும் என்றார் மெக்ளின்டாக். ஆனால் அராபிகாவில் இரு பெற்றோரின் ஜீனோம் அமைப்பும் பெரும்பாலும் குலையாமல் இருக்கிறது. அராபிகாச் செடிகளுக்கிடையே மரபு வேறுபாடும் மிகக் குறைவு. உலகக் காபியில் சுமார் 60 விழுக்காட்டைத் தரும் இனம் இது. எல்லாச் செடிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால், ஒரு நோய் எல்லாவற்றையும் தாக்கலாம். 1869-இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய், அங்கிருந்த காபித் தோட்டங்களை அழித்தது. பின்னாளில் திமோர் தீவில் அராபிகாவும் ரோபஸ்டாவும் இயற்கையாகக் கலந்த ஒரு செடி கிடைத்தது. துரு நோயை எதிர்க்கும் பல வகைகள் அதிலிருந்தே உருவாக்கப்பட்டன.

வகுப்பறைச் செயல்பாடு

கரும்பலகையில் "காபிச் செடி பூக்கும்." என்று எழுதுங்கள். "மழை வந்தால்" என்று எழுதிய காகிதத் துண்டை ஒரு மாணவரிடம் கொடுத்து, மூன்று இடங்களில் ஒட்டச் சொல்லுங்கள்.

1. முற்றுப்புள்ளிக்குப் பின்: வாக்கியம் மாறவில்லை. பெரும்பாலான தாவல்கள் இப்படித்தான்.

2. "பூ" என்பதற்கும் "க்கும்" என்பதற்கும் நடுவில்: சொல் உடைந்துவிட்டது. மரபணு செயலிழப்பது இவ்வாறே.

3. வாக்கியத்தின் தொடக்கத்தில்: "மழை வந்தால் காபிச் செடி பூக்கும்." சொற்கள் உடையவில்லை, ஆனால் எப்போது பூக்கும் என்பது மாறிவிட்டது. மரபணுவுக்கு அருகில் அமரும் துண்டு, அது செயல்படும் நேரத்தை மாற்றக்கூடும்.

துண்டை எடுத்து ஒட்டுவது முதல் வகை. நகலெழுதி ஒட்டுவது இரண்டாம் வகை. தொடக்க வகுப்புகளில் மரபணு என்ற சொல்லே இல்லாமல், மொழி விளையாட்டாகவும் இதைச் செய்யலாம்.

அந்த மாணவிக்கான பதில்

பெரும் தீங்கு செய்யும் தாவலை இயற்கைத் தேர்வு நீக்கிவிடும். தீங்கு செய்யாதவை தங்கிவிடும். அவற்றுள் மிகச் சில, பின்னாளில் செடிக்குப் பயன்படும். எனவே "எல்லாம் குப்பை" என்பதும் தவறு. "எல்லாமே பயனுள்ளவை" என்பதும் தவறு.

மறுவாரம் அதே வகுப்பில், நான் சொன்னது தவறு என்று கூறிவிட்டு, இந்தச் செயல்பாட்டைச் செய்தோம். முதல் துண்டை ஒட்டியவள் அந்த மாணவிதான். ஒட்டிவிட்டு அடுத்த கேள்வியையும் கேட்டாள்: "அப்போ நம்ம உடம்புலயும் இது இருக்கா டீச்சர்?" இருக்கிறது, மனித ஜீனோமிலும் கிட்டத்தட்ட பாதி இத்தகைய கூறுகளிலிருந்து வந்தவையே. இம்முறை என்னிடம் பதில் இருந்தது.